குடம் உடைந்த பிறகு: நிரலும் யோகமும்

(சந்தவாசலில் நெசவாளர் குடும்பத்தினரும் மென்பொருள் பணியில் இருக்கும் இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மென்பொருள் வேலையும் யோகமும் என்று தலைப்புச் சொன்னவுடன் பலர் மனத்தில் வருவது ஏசி அறையில் விரித்த ரப்பர் பாயும், மன அழுத்தம் குறைய அரைமணி நேர மூச்சுப் பயிற்சியும்தான். அதைக் குறைசொல்ல மாட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவன் முதுகை நிமிர்த்தி நாலு முறை ஆழமாக மூச்சு விட்டால் நல்லதுதான். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 195 சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்துக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. மிச்சத்தில் பெரும்பகுதி மனம் எங்கே வழுக்குகிறது, ஏன் வழுக்குகிறது, வழுக்கிய மனத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதைப் பற்றியது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது. அவர்களுடைய வேலையில் பாதி, வழுக்கிய இடத்தைத் தேடிப் போவதுதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். மென்பொருள் வேலை ஒருவரைத் தினந்தோறும் தம் பிழைக்கு எதிரே உட்கார வைக்கிறது. வேறு பல தொழில்களில் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு அடிக்கடி இது நடப்பதில்லை. அந்தப் பிழையை அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதைப் பொறுத்து அந்த நாற்காலியே யோகப் பயிற்சிக்கு இடமாகலாம், ஆகாமலும் போகலாம். இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையைக் கடைசியில் சொல்கிறேன். என் கணக்கில் அதுதான் முக்கியமான பகுதி.

தறியிலிருந்து கணினிக்கு

இந்தப் பேச்சை ஆரணிப் பட்டு வட்டாரத்தில் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை உங்களுக்குத் தெரியும். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த பொறி அது. லியோனும் ஆரணியைப் போலப் பட்டு நெய்த ஊர். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும், பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்கள். அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் அன்னமும் மயிலும் மாங்காயும் சேலைக் கரையில் வந்து உட்கார்ந்தன.

1839-இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. லண்டனில் இருந்த சார்லஸ் பாபேஜ் அப்படி ஒரு படத்தை வாங்கி வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கவும் துளையட்டையையே தேர்ந்தெடுத்தார். அந்த இயந்திரம் பற்றி 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், பூவும் இலையும் நெய்கிற ஜக்கார்டு தறியோடு அதை ஒப்பிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். அவருடைய தொழில் பின்னாளில் ஐபிஎம் நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. 1970-கள் வரைக்கும் நிரலை அட்டையில் குத்தித்தான் கணினிக்குக் கொடுத்தார்கள். ஆகையால் தாத்தா தறியில் உட்கார்ந்தார், பேரன் சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்றால், குடும்பம் தொழிலை விட்டுவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். பேரன் இன்னும் அட்டைதான் குத்திக்கொண்டிருக்கிறான்.

அட்டை ஒரு பாடத்தையும் கூடவே கொண்டுவந்தது. ஒரு துளையைத் தப்பாகக் குத்திவிட்டால், அந்தக் குறை சேலை நெடுகப் புட்டாவுக்குப் புட்டா வரும். தறிமேல் கோபப்பட்டுப் பயனில்லை. தறி, அட்டை சொன்னதைச் செய்தது. கணினியும் அப்படித்தான், நாம் நினைத்ததை அது செய்யாது, சொன்னதைத்தான் செய்யும். மழை பெய்யவில்லை, மார்க்கெட் சரியில்லை, பங்காளி ஏமாற்றிவிட்டான் என்று சாக்குச் சொல்ல மற்ற தொழில்களில் இடம் இருக்கிறது. நிரல் ஓடவில்லை என்றால் அந்தச் சாக்குகளை இயந்திரத்திடம் சொல்ல முடியாது. யோகம் பயிலுகிறவர் பல வருஷம் உழைத்துப் பெறவேண்டிய ஒரு மனநிலையை, ‘இது என்னிடமிருந்து வந்தது’ என்று ஒப்புக்கொள்ளும் மனநிலையை, இந்தத் தொழில் முதல் வாரத்திலேயே கட்டாயப் பாடமாக வைத்துவிடுகிறது.

தெரிந்ததும் தெரிந்ததாக நினைத்ததும்

மனத்தின் அசைவுகளை விருத்திகள் என்று சொல்லி அவற்றை ஐந்தாகப் பிரிக்கிறார் பதஞ்சலி. சரியான அறிவு, பிழையான அறிவு, சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எழுகிற கற்பனை, உறக்கம், நினைவு. முதல் தடவை படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். நினைவை ஏன் சரியான அறிவிலிருந்து பிரித்து வைத்தார்?

டீபக் செய்கிறவரிடம் இதற்குப் பதில் இருக்கிறது. பிழையைத் தேடும்போது நிரலர் வாயில் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “அந்த இடத்துல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல, போன மாசம்தான் பார்த்தேன்.” அது நினைவு. இன்றைக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது வேறு. நல்ல நிரலர் அங்கே ஒரு லாக் வரியைப் போட்டு, அந்தக் கணத்தில் அந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பார். நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காத பிழை கடைசியில் எங்கே இருக்கும்? ‘இங்கே இருக்காது’ என்று முதலிலேயே ஒதுக்கிய இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இதே பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள். “அவன் என்னை மதிக்கல” என்று ஒருவர் மேல் கோபம் வருகிறது. அவர் இன்று சொன்ன வார்த்தை எவ்வளவு, போன தீபாவளியில் சொன்னதன் நினைவு எவ்வளவு, நாமாகச் சேர்த்துக்கொண்ட கற்பனை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், கோபத்துக்குக் காரணமாகச் சொன்னதில் முக்கால்வாசி ஆதாரமில்லாதது என்று தெரியவரும். கணினி முன்னால் இதைப் பழகியவருக்கு, குடும்பத்தில் செய்வது கொஞ்சம் எளிதாகவேண்டும். ஆனால் எளிதாவதில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

நிரல் ஒன்று பாதியில் விழுந்தால் திரையில் ஒரு பட்டியல் வரும். விழுந்த வரி எது, அதை அழைத்தது எது, அதையும் அழைத்தது எது என்று படிப்படியாகக் காட்டும். பிழையின் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போகிற வழி அது. பின்னோக்கிப் போகிற வேறொரு வழியைத் திருவண்ணாமலையில் ஒருவர் சொன்னார். ரமணர் அங்கே வந்தது 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி. சில ஆண்டுகள் கழித்து, அவர் பேசாமல் இருந்த காலத்தில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை தேடிவந்து கேள்விகள் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறுநூல் ஆயின. அதன் முறையைச் சுருக்கமாகச் சொன்னால், ஓர் எண்ணம் எழும்போது அதன் பின்னால் ஓடாமல், அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிக் கேட்பது. எனக்கு என்றால், அந்த நான் யார் என்று அடுத்த படிக்குப் போவது.

இரண்டும் பின்னோக்கிய பயணம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிரல் ஆய்வில் தேடுகிறவர் வெளியே நிற்கிறார், தேடப்படுவது திரையில் இருக்கிறது. ரமணர் காட்டிய வழியில் தேடுகிறவரே தேடப்படுகிறார். குடும்பத்தில் நமக்கு இது கைகூடாமல் போவதற்குக் காரணம் இதுதான். இயந்திரத்தின் கோளாறைப் பார்க்கும்போது மனம் அமைதியாக இருக்க முடிகிறது. மனத்தின் கோளாறைப் பார்க்க வேண்டிய கருவியும் அதே மனம். கண்ணுக்குள் தூசி விழுந்திருக்கிறது. அதே கண்ணால்தான் அதைத் தேடவேண்டும்.

பழைய வாசனை

செய்த செயல் முடிந்துபோனாலும் அதன் பதிவு உள்ளே தங்கிவிடுகிறது. நம் பெரியவர்கள் அதை வாசனை என்றார்கள். தேவை தீர்ந்த பிறகும் அந்தப் பதிவு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதற்கு நான் அறிந்ததில் மிகத் தெளிவான உதாரணம் ஒரு ராக்கெட்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகப் புறப்பட்டது. சுமார் 37 நொடியில் திசை மாறியது. பிறகு வெடித்துச் சிதறியது. விசாரணையில் தெரியவந்தது இது. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியில் இருந்த நிரல், முந்தைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்தது. அந்தப் பழைய ராக்கெட்டில் அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. புதியது இன்னும் வேகமாகப் பக்கவாட்டில் நகரும் ராக்கெட். அந்த வேகத்தைக் குறிக்கும் எண் பெரிதாகி, 16 பிட் அளவுள்ள சின்ன இடத்தில் அடங்காமல் வழிந்தது. கருவி நின்றுபோனது. துணைக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல்தான், அதுவும் நின்றது. இதில் வேதனை என்னவென்றால், தவறிய அந்தக் கணக்குக்கு ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எந்தத் தேவையும் இல்லை. பழைய ராக்கெட்டின் தேவைக்காக வைத்தது, புதிய ராக்கெட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் அடிக்குப் பயந்து பொய் சொல்லப் பழகிய பையன், நாற்பது வயதில் அடிக்க யாருமில்லாத இடத்திலும் பொய் சொல்கிறான். பஞ்ச காலத்தில் பதுக்கப் பழகிய குடும்பம், பத்தாயம் நிறைந்த பிறகும் பதுக்குகிறது. ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றிய பழக்கம்தான் அது. காலம் மாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

1992-இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலர் இதன் இன்னொரு பக்கத்தைக் கடன் என்று சொன்னார். இன்னும் சரியாக அமையாத நிரலை ரிலீஸ் செய்துவிட்டால் அது வாங்கிய கடன். திருத்தி எழுதும் நாள்வரை, அந்த நிரலில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் வட்டி கட்டவேண்டும். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சேர்த்து வைத்த வினை, இப்போது அனுபவித்தே தீரவேண்டிய வினை, இன்று புதிதாகச் செய்கிற வினை என்ற மூன்றில் நம் கைக்கு நேராக எட்டுவது மூன்றாவதுதான். பத்து வருஷப் பழைய நிரலைப் பொறுப்பில் எடுத்த எந்த இளைஞனைக் கேட்டாலும் இதையே சொல்வான். எழுதியவர்கள் போய்விட்டார்கள், கிளையன்ட் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறார், நிறுத்தவும் முடியாது. இன்று நான் சேர்க்கும் வரியாவது அடுத்தவனுக்குச் சுமையாகாமல் இருக்கட்டும். அந்த எண்ணத்தோடு எழுதுகிறவன் வினைக்கொள்கையை ஏட்டில் படிக்காமலே நடைமுறையில் கற்கிறான்.

ரேணுகையின் குடம்

இனி இந்த மண்ணின் கதைக்கு வருகிறேன். பக்கத்தில் படவேட்டில் ரேணுகாம்பாள் இருக்கிறாள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தில் உங்களில் பலர் இருந்திருப்பீர்கள். கதையும் தெரிந்ததே. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை தினமும் ஆற்றுக்குப் போய்ச் சுடாத மண்குடத்தில் நீர் எடுத்து வருவாள். அவளுடைய மன ஒருமைதான் அந்தக் குடத்தைக் கரையாமல் காத்தது. ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் உருவம் தண்ணீரில் தெரிந்தது. ஒரு கணம் மனம் அதில் போனது. குடம் கரைந்தது. முனிவர் அவள் தலையை வெட்டச் சொன்னார், மகன் பரசுராமன் வெட்டினான். பிறகு தாயின் உயிரையே வரமாகக் கேட்டு வாங்கினான். அவளைத்தான் இன்று நாம் தெய்வமாகக் கும்பிடுகிறோம்.

யோக நூல்கள் தாரணை என்று சொல்லும் நிலைக்கு அந்தக் குடம் போதிய விளக்கம். சிக்கலான நிரலை எழுதுகிறவரும் அப்படி ஒரு குடத்தைச் சுமக்கிறார். எந்த மாறி எங்கே மாறுகிறது, எது எதை அழைக்கிறது என்ற முழுக் கட்டமைப்பையும் மனத்தில் தாங்கிக்கொண்டிருப்பார். பக்கத்திலிருந்து “ஒரு நிமிஷம், மெசேஜ் பாத்தீங்களா?” என்று ஒரு குரல் வந்தால் மொத்தமும் கரைந்துவிடும். மறுபடி அதைக் கட்டி எழுப்ப நேரமாகும். வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகளின் அம்மாக்களே, அவன் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றினால், அநேகமாக அவன் அப்போதுதான் வேலையின் நடுவில் இருக்கிறான்.

கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது குடம் உடைந்த பிறகு நடந்தது. ஒரு கணம் கவனம் சிதறியதற்குத் தலை போயிற்று. மனம் சலனப்படுவது குற்றமா? பதஞ்சலி அப்படிச் சொல்லவில்லை. யோகத்துக்கு வரும் தடைகள் என்று ஒன்பதை வரிசையாகச் சொல்கிறார்: நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், ஆசையை விடமுடியாமை, மயங்கிய பார்வை, ஒரு நிலையை எட்ட முடியாமை, எட்டிய நிலையில் நிற்க முடியாமை. ஒரு மருத்துவர் நோய்க்குறிகளை எழுதுவது போன்ற பட்டியல். அதில் யாரையும் திட்டவில்லை, எவருக்கும் தண்டனை விதிக்கவில்லை. இவை வரும், வந்தால் ஒன்றையே விடாமல் பயில் என்கிறார்.

மென்பொருள் உலகில் ஒரு குடம் உடைந்த கதையைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நாள் முழுக்க உழைத்துக் களைத்த இரவு நேரத்தில், துணை சர்வரில் செய்யவேண்டிய அழிப்பு வேலையை முதன்மை சர்வரில் செய்துவிட்டார். ஓரிரு நொடியில் தவறு உறைத்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் நாலரை ஜிபிதான் மிஞ்சியிருந்தது. காப்புப் பிரதியிலிருந்து மீட்கலாம் என்று பார்த்தால், வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு மீட்டார்கள். சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அந்த நிறுவனம் என்ன செய்தது? மீட்கும் வேலையை உலகமே பார்க்கும்படி இணையத்தில் நேரலையாகக் காட்டியது. பிறகு வெளியிட்ட ஆய்வறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை.  யார் செய்தது என்பதைவிட, ஐந்து காப்பு ஏற்பாடுகளும் வேலை செய்யவில்லை என்பது எப்படி இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று அந்த அறிக்கை கேட்டது. இப்படி ஆளைக் குற்றம் சாட்டாமல் நடந்ததை ஆராய்வது கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களிலும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. இதில் இரக்கம் இருக்கிறது, நடைமுறை அறிவும் இருக்கிறது. தலை போகும் என்று தெரிந்தால் எவரும் உடைந்த குடத்தைக் கொண்டுவந்து காட்டமாட்டார். மறைக்கப்பட்ட பிழை அடுத்தவர் தலையில் விழும்.

நம்மில் பலர் ஜமதக்கினியை வெளியே தேட வேண்டியதில்லை, நமக்குள்ளேயே வைத்திருக்கிறோம். தியானத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் மனம் ஆபீசுக்கு ஓடிவிட்டால் ‘எனக்கெல்லாம் இது வராது’ என்று நம் தலையை நாமே வெட்டிக்கொள்கிறோம். ஓடியது தெரிந்தவுடன் திரும்பக் கொண்டுவந்தால் போதும். அந்தத் திரும்பல்தான் பயிற்சி.

ஒன்பதாவது தடையை மறுபடி பாருங்கள்: எட்டிய நிலையில் நிற்க முடியாமை. நிரலர்கள் இதை நன்றாக அறிவார்கள். போன ரிலீசில் சரிசெய்த பிழை இந்த ரிலீசில் திரும்பி வந்து நிற்கும். அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிழையைத் திருத்தும்போதும் அதற்கென்று ஒரு சோதனையை எழுதிவைத்து, நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் அந்தப் பழைய சோதனைகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுவார்கள். ‘இதைத்தான் சரிசெய்துவிட்டோமே’ என்று விடுவதில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்வதே அப்பியாசம் என்று பதஞ்சலி வைத்த மூன்று நிபந்தனைகளுக்கும் இதே காரணம்தான். நேற்று வந்த பொறுமை இன்றும் இருக்கிறதா என்று இன்றுதான் பார்க்க முடியும்.

நான் எழுதிய நிரல்

பிழையைப் பார்க்க விடாமல் தடுப்பது எது? ‘நான் எழுதியது’ என்ற ஒட்டுதல். யோகத்தில் சொல்லும் ஐந்து கிலேசங்களில், அதாவது மன மாசுகளில், இரண்டாவதான அஸ்மிதை இது. பார்ப்பவனையும் அவன் கருவியையும் ஒன்றென்று எண்ணும் மயக்கம்.

மென்பொருள் துறையின் மூத்தவர்கள் இதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1971-இல் ஜெரால்டு வைன்பர்க் நிரலர்களின் மனவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நிரலைத் தன் உடம்பின் ஒரு பகுதி போல எண்ணுகிறவன் அதில் உள்ள பிழையைக் காணமாட்டான், பிறர் காட்டினாலும் ஏற்கமாட்டான் என்றார். அகந்தையை ஒதுக்கி, எழுதியதை எல்லோரும் படித்துப் பார்க்க விடுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. அடுத்த ஆண்டு, 1972-இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, விருது உரைக்கு எடுத்துக்கொண்ட பொருளே நிரலரின் பணிவு. மனித மூளையின் கொள்ளளவு சிறியது, அதை உணர்ந்து வேலை செய்கிறவரே நல்ல நிரலர் என்பது அதன் சாரம். வெற்றி மேடையில் நின்று தன் மூளையின் சிறுமையைப் பேசியவர் அவர்.

டொனால்டு குனூத் இன்னும் ஒரு படி போனார். தம் புத்தகங்களில் யார் பிழை கண்டுபிடித்துச் சொன்னாலும் 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அறிவித்தார். பதினாறு அடிமான எண்முறையில் 256 என்பது 100, அந்தக் கணக்கில் அது ஒரு டாலர். காசோலை பெற்ற பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். நம் தவறைச் சுட்டிக்காட்டுகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று ஒவ்வொரு அணியிலும் ரிவ்யூ இருக்கிறது. இருபது வயதுப் பெண் பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவரின் நிரலைப் படித்து, “இந்த நிலைமையில இது விழுந்துடும் சார்” என்று எழுதுவாள். அந்தக் கணத்தில் நெஞ்சில் ஒன்று சுருக்கென்று குத்தும். கன்னம் சூடாகும், பதில் எழுத விரல் துடிக்கும். அப்போது மூச்சைக் கவனித்து, அவள் சொன்னது சரியா என்று மட்டும் பார்க்க முடிந்தால், அன்று காலை செய்த பிராணாயாமத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. முடியாவிட்டால், எத்தனை நிமிடம் மூச்சை அடக்கினோம் என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

ஒப்புமை நிற்கும் இடம்

இதுவரை ஒப்புமையை ஏற்றிப் பேசினேன். இனி அது நின்றுபோகும் இடத்துக்கு வருகிறேன்.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் பற்றிய உண்மை வெளியானது. கார் சோதனைக்கூடத்தில் நிற்கிறதா, தெருவில் ஓடுகிறதா என்று கண்டறியும் நிரல் அவற்றுக்குள் இருந்தது. சோதனை என்றால் புகையைக் கட்டுப்படுத்தும், தெரு என்றால் விட்டுவிடும். நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை வெளியேறியது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்த முறைகேட்டுக்கு முதல் தடயம் கொடுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுக் குழு. காரைச் சாலையில் ஓட்டி, புகையை அங்கேயே அளந்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்களும் உண்டு.

அந்த நிரலை எழுதியவர்களுக்கு ஒருமுகப்பட்ட கவனம் இருந்திருக்கும். விடாமுயற்சி இருந்திருக்கும். ரிவ்யூவும் சோதனையும் நடந்திருக்கும். நிரலில் பிழையே இல்லை. கொடுத்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. நான் இதுவரை பாராட்டிய அத்தனை பயிற்சியும் இருந்தும் சத்தியம் இல்லை.

நம் ஊருக்கும் எட்டிய இன்னோர் உதாரணம், செல்போனில் கடன் தரும் செயலிகள். சில ஆயிரம் ரூபாய் கடனுக்குப் போனில் உள்ள எண்களையும் படங்களையும் மொத்தமாக வாரிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் போன்றவற்றைத் தொடக்கூடாது என்று விதி போடவேண்டியிருந்தது. அந்த எண்களை வாரும் நிரலையும் ஒரு தம்பியோ தங்கையோதான் எழுதியிருப்பார். நன்றாகவே எழுதியிருப்பார்.

எட்டு அங்கங்களின் வரிசையை இப்போது நினைத்துப் பாருங்கள். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை ஆகிய ஐந்தும் இயமத்தில் வருகின்றன. மனத்தைக் குவிக்கும் தாரணை ஆறாவதாகத்தான் வருகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும் திருமூலரும் இயமத்திலிருந்துதான் தொடங்குகிறார். கூர்மையான மனம் எதையும் அறுக்கும். அதனால்தான் எதை அறுக்கக்கூடாது என்பதை முதலில் வைத்தார்கள்.

மென்பொருள் தொழிலில் ஏணி ஆறாவது படியிலிருந்து தொடங்குகிறது. வேலையில் சேர்ந்த அன்றே கவனத்தைக் குவிக்கப் பழக்குவார்கள். முதல் படியை அநேகமாக யாரும் சொல்லித் தருவதில்லை. இன்டர்வியூவிலும் அதைக் கேட்பது அரிது. இயந்திரம் நிரலின் பிழையைக் காட்டும், நோக்கத்தின் பிழையைக் காட்டாது. பிழையின் எதிரே தினமும் உட்காரவைக்கும் இந்தத் தொழில், எல்லாவற்றிலும் பெரிய பிழையை மட்டும் நம் கண்ணில் காட்டுவதில்லை. அதை நாமேதான் பார்க்கவேண்டும்.

ஆகவே வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கையில் ஒரு பணி வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் யாருக்காவது துன்பம் வருமா? இது பயன்படுத்துகிறவரிடம் உண்மையைச் சொல்கிறதா? தேவைக்கு மேல் அவரிடமிருந்து எதையாவது எடுக்கிறதா? அகிம்சை, சத்தியம், அபரிக்கிரகம் மூன்றையும் வேலைமேசையில் வைப்பது இவ்வளவுதான். பெரும்பாலான நாள்களில் பதில் சுத்தமாகத்தான் இருக்கும், வேலையைத் தொடரலாம். என்றாவது ஒருநாள் பதில் உறுத்தினால் அதை மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மரியாதையாக, ஆதாரத்தோடு எழுதுங்கள். சிரசாசனத்தைவிட அது கடினம். சம்பளம், இஎம்ஐ, தங்கை கல்யாணம் எல்லாம் கண்முன் வந்து நிற்கும். தனி ஆளாக எழுத அச்சமாக இருந்தால் அணியில் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யோகத்தில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறீர்கள், கேட்கவேண்டியதுதான். கூடவே, “நீ எழுதுறது யாருக்குப்பா உதவுது?” என்றும் ஒரு தடவை கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன். இனி உங்கள் முறை. நான் சொன்னதில் தவறு கண்டவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும். குனூத் கொடுத்ததுபோலக் காசோலை தர என்னிடம் வசதி இல்லை. நன்றியோடு காதுகொடுக்க முடியும்.